கரடி அங்கிக்குக் காவல்

கோழிகூட நிழல் தேடும் சேலத்துச் சித்திரையில் ஒரு ரோம அங்கியைக் காப்பாற்றுவதுதான் எனக்கு வாய்த்த உத்தியோகம். ஏற்காட்டிலிருந்து சீமைக்குத் திரும்பிய துரைசாணி ஒருத்தி விட்டுப்போனது. எங்கள் இரண்டறை மியூசியத்தின் தலைவர் திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பண்ணைக்காரர். அது கரடித்தோல் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். முதல் நாள் பிரஷ் போட்டபோதே என் விரலில் கறுப்புச் சாயம் ஒட்டியது. அடியில் சாம்பல் நிறம். வெறும் முயல். பிழைப்பை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

மடித்தால் தோல் வெடிக்குமாம், வெயிலில் போட்டால் விறைக்குமாம். ஆகவே பஞ்சு சுற்றிய கட்டையில் மாட்டி, பைகளில் பாச்சை உருண்டையும் வசம்பும் போட்டு, காற்றாடக் காலையில் அலமாரியைத் திறந்துவைப்பேன். அப்படியும் அங்கியின் இடக்கை வழுக்கையாகிக்கொண்டே வந்தது.

தலைவர் தடவிப் பார்த்தார். "ஏனுங்க, பூச்சி தின்னுதுங்களா, நீங்க தின்னீங்களா? அடுத்த மாசம் கலெக்டர் வாராருங்க. அதுக்குள்ள இது மொட்டையாச்சுன்னா நீங்க வேற சோலி பாத்துக்கோணுமுங்க."

எங்கள் பக்கத்தில் கழுத்தை அறுத்தாலும் 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்கள்.

அந்துப்பூச்சியைப் பற்றி ஓர் இங்கிலீஷ் புத்தகம் வரவழைத்து, அலமாரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து படித்தேன். முட்டை, புழு, கூடு வரை வந்திருப்பேன். பின்னால் வெடுக்கென்று ஒரு சத்தம். திரும்பினால், இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி.

"என்னம்மா பண்றே?"

"கரடி முடிங்க சாமி. புள்ள தூக்கத்துல பயந்துக்கறானுங்க. தாயத்துல வெச்சுக் கட்டோணும்."

"கேட்டுட்டு எடுக்கக் கூடாதா?"

"எல்லாரும் எடுத்துட்டுத்தானுங்க போறாங்க. நீங்க பாட்டுக்குப் படிச்சிட்டிருந்தீங்க, எதுக்குத் தொந்தரவுன்னு..."

சருகு அசைந்தால் ஓடுகிற பிராணியின் முடி, பயத்துக்கு மருந்து! தின்றது பூச்சியும் இல்லை, தின்னப்பட்டது கரடியும் இல்லை. என் வேலை பிழைத்தது என்று தலைவர் வீட்டுக்கு விரைந்தேன்.

மடியில் பேரன். அரைஞாணில் புது வெள்ளித் தாயத்து.

"நம்ம கரடி முடிதானுங்க. ஊட்டுக்காரி போய் எடுத்துட்டு வந்தா. இப்ப இடி இடிச்சாக்கூடப் பையன் அழுவறதில்லீங்க. ஏதோ சொல்ல வந்தீங்களே?"

"பூச்சிக்கு மருந்து போட்டுட்டேனுங்க" என்றேன்.

"நல்லதுங்க. சின்னப் பேரனுக்கும் ரவ்வோண்டு வேணும்."

அதை நானே முதுகுப் பக்கத்தில் பிய்த்துக் கொடுத்தேன். கலெக்டர் வந்த அன்று, அங்கியின் முதுகும் இடக்கையும் சுவரைப் பார்த்திருந்தன. துரை கரடி என்றார். தலைவர் கரடி என்றார். சாயம் படிந்த விரல்களைப் பின்னால் கட்டிக்கொண்டு நானும் கரடி என்றேன்.