வன்னியபெருமாள் ஏற்றாத சவாரி

உலகத்திலேயே அதிகமாக விற்ற கார் எது என்று கோவில்பட்டி கார் ஸ்டாண்டில் யாரும் யாரையும் கேட்டதில்லை. கேட்காமலேயே பதில் சொல்லிக்கொண்டிருந்தார் வன்னியபெருமாள். எழுபத்திரண்டில் பேப்பரில் வந்த சேதி அது. அமெரிக்காக்காரன் ஃபோர்டு 'டி' மாடல் என்று ஒன்றை ஒன்றரைக் கோடி செய்து விற்றிருந்தானாம். ஜெர்மனிக்காரனின் முதுகு வளைந்த குட்டி வண்டி, அதற்கு வண்டு என்றே பட்டப்பேர், அந்தக் கணக்கைத் தாண்டிவிட்டதாம். அந்தத் துண்டை வெட்டித் தன் அம்பாசிடரின் டிக்கி மூடிக்கு உள்பக்கம் பசை தடவி ஒட்டியிருந்தார். சவாரிக்கு வந்தவர்கள் பெட்டியை வைக்கப் போனால் அதைப் படித்துவிட்டுத்தான் வைக்க வேண்டும்.

அவருக்கு அதிலிருந்து ஒரு தத்துவமே கிடைத்திருந்தது. கோடிக்கணக்கில் விற்ற வண்டி எதை எடுத்தாலும் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் இருக்காது, அதனால்தான் விற்கிறது. நம் நாட்டில் அந்த யோகம் அம்பாசிடருக்கு. இங்கிலாந்தில் மோரிஸ் என்ற பேரோடு பிறந்து, கல்கத்தாப் பக்கம் வந்து பேரை மாற்றிக்கொண்ட வண்டி. ஸ்டாண்டில் நிற்கும் ஏழும் அம்பாசிடர், ஏழும் கறுப்பு. தங்கசாமி வண்டிக் கதவைக் கழற்றி என் வண்டியில் மாட்டினால் கதவுக்கே தெரியாது என்பார். தங்கசாமி அவருடைய கூட்டாளி, பக்கத்து வண்டிக்காரர். என் கதவை விட்டுவிடு அண்ணாச்சி என்று கும்பிடுவார்.

இந்தத் தத்துவம் அவருக்கு வேண்டியிருந்தது. அதற்குக் காரணம் உண்டு.

எழுபத்து நாலில் வெள்ளாமை பார்க்கிற ஒரு சம்சாரி மதுரை ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். ஊருக்குக் கொண்டுவர ஒரு பிளசர் கார் கிடைக்கவில்லை. ஸ்டாண்டில் ஆறு பேரும் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவ, அவருடைய மகன்கள் இரண்டு பேரும் வன்னியபெருமாளின் காலில் விழுந்துவிட்டார்கள். மனசு கேட்காமல் போனார். அந்தக் காலத்தில் பாடியைக் கொண்டுவருவது இப்படித்தான்: பின்சீட்டில் நடுவில் உட்காரவைத்து, தலைக்குத் துண்டைக் கட்டி, இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள் தோள் கொடுத்து அணைத்துக்கொள்வார்கள். பார்க்கிறவனுக்கு யாரோ அசந்து தூங்குகிற மாதிரி இருக்கும்.

ஒரு தடவை போனதுதான். அப்புறம் இழவுச் சவாரி என்றால் ஊரே வன்னியபெருமாளைக் கைகாட்டியது. கல்யாணச் சவாரிகள் நின்றுபோயின. ஏழு வண்டியும் ஒன்றுபோல இருந்தாலும் 3607 என்ற நம்பரைப் பொண்ணு வீட்டுக்காரர்கள் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டு ஒதுங்கினார்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவர் வாதாடுவார். சீட்டுக்குத் தெரியுமா நேற்று உட்கார்ந்தவன் யாரென்று, எல்லாம் ஒரே தொழிற்சாலை, ஒரே ரெக்சின் என்பார். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு தங்கசாமியிடம் போய் தேதி சொன்னார்கள்.

வாய்தான் அப்படிப் பேசியது. ஒவ்வொரு இழவுச் சவாரி முடிந்ததும் வண்டியைக் கண்மாயில் இறக்கிக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டித்தான் வீட்டுக்கு வருவார். ஒரே மகள் சங்கரம்மாளை அந்த எழுபத்து நாலுக்குப் பிறகு பின்சீட்டில் உட்கார விட்டதே இல்லை. எழுபத்தேழில் அவள் கல்யாணத்துக்குக்கூட தங்கசாமி வண்டியில்தான் மாலை கட்டினார். ஊர் வாய்க்குப் பயந்துதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது முழுப் பொய் என்று அவருக்கே தெரியும்.

மகளைக் கொடுத்த இடம், கயத்தாறு தாண்டி மெயின் ரோட்டிலிருந்து மூன்று மைல் உள்ளே கிடக்கும் கரிசல் ஊர். மாப்பிள்ளை சோலைச்சாமி சாது. அவன் தாய் பெத்தம்மாள் சாது இல்லை. முப்பது வயதில் தாலியறுத்து, ஆம்பளை துணை இல்லாமல் பருத்தியும் கம்பும் போட்டு மகனை ஆளாக்கியவள். ஏர் பிடிப்பாள், மாட்டுவண்டி பத்துவாள், வரப்புத் தகராறுக்கு அரிவாளோடு போவாள். சம்பந்தி இப்படி அமைந்துவிட்டாளே என்று வன்னியபெருமாளின் வீட்டுக்காரி பெருமாயிக்குத்தான் ஆரம்பத்திலிருந்தே ஒரு இது.

எழுபத்தொன்பது ஐப்பசியில் சங்கரம்மாள் நிறைமாதமாக இருந்தாள். ஒன்பதாம் மாதம் வளையல் போட்டுத் தாய்வீட்டுக்கு அழைத்துவர நாள் குறித்திருந்தது. குறித்த நாளுக்கு நாலு நாள் இருக்கும்போதே வலி எடுத்துவிட்டது. அடைமழை. கரிசல் நனைந்துவிட்டால் சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும், கார் உள்ளே போகவே முடியாது. சோலைச்சாமி ரோட்டுக்கு ஓடிவந்து லாரி ஏறி கோவில்பட்டி ஸ்டாண்டில் வந்து நின்றான். மருத்துவச்சி கையை விரித்துவிட்டதாகவும், அம்மா மாட்டுவண்டியில் அவளை ரோட்டுக்குக் கொண்டுவருவதாகவும், உடனே பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றும் மூச்சிரைக்கச் சொன்னான். நீ உங்க அத்தையைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து சேர் என்று அவனைப் பெருமாயியிடம் அனுப்பிவிட்டு, வன்னியபெருமாள் வண்டியை எடுத்தார்.

அவர் போய் நிற்கவும் மாட்டுவண்டி ரோட்டில் ஏறவும் சரியாக இருந்தது. சேற்றில் முழங்கால் வரை கறுத்துப்போய், கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு பெத்தம்மாளே பத்தி வந்திருந்தாள். வண்டிக்குள் வைக்கோல் மேல் சாக்கைப் போர்த்திக்கொண்டு சங்கரம்மாள் கண்ணை மூடிக் கிடந்தாள். முனகல்கூடக் குறைந்துவிட்டது.

பெத்தம்மாள் குதித்து இறங்கி, "கதவத் திறங்கண்ணாச்சி, தூக்கிருவோம்" என்றாள்.

வன்னியபெருமாள் கதவின் பிடியில் கையை வைத்தார். திறக்கவில்லை. முந்தாநாள்தான் அதே ஆஸ்பத்திரியிலிருந்து கழுகுமலைப் பக்கத்துப் பெண் ஒருத்தியைக் கொண்டுவந்திருந்தார். தலைப்பிரசவத்தில் போனவள். சங்கரம்மாள் வயசுதான் இருக்கும். வழி முழுக்க அந்தப் பெண்ணின் தலை கண்ணாடியில் ஆடிக்கொண்டே வந்தது. கழுவியாயிற்று, சூடம் காட்டியாயிற்று, ஆனாலும் அந்த சீட்டில், அவள் உட்கார்ந்த அதே இடத்தில், தன் பிள்ளையைப் படுக்கவைக்க அவருக்குக் கை வரவில்லை. 

"இது வேண்டாம் தாயி. கயத்தாத்துல போயி வேற பிளசர் கொண்டாரேன். அரை மணி நேரம்."

"எந்த வண்டியா இருந்தா என்ன? புள்ள கிடக்குத கிடையப் பாருங்க."

"எம்புள்ளய இதுல ஏத்த மாட்டேன்."

சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். கயத்தாற்றில் இருந்த ஒரே பிளசர் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தது. அப்போதாவது திரும்பியிருக்கலாம். தலையெழுத்து என்று இதைச் சொல்ல எனக்கு மனசில்லை. அந்த மனுசன் கோவில்பட்டி ரோட்டில் வண்டியை விட்டார். மழையில் பதினாலு மைல் போய், காரணம் சொல்லாமல் தங்கசாமியைக் கூப்பிட்டு, தன் வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு அவருடைய வண்டியில் ஏறித் திரும்பினார். அதே கறுப்பு, அதே ரெக்சின், அதே தொழிற்சாலை.

திரும்பி வர இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. அதற்குள் பெத்தம்மாள் இரண்டு லாரியை மறித்துப் பார்த்திருந்தாள், நிற்கவில்லை. மாட்டுவண்டியிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. பெண் பிள்ளை. நீலம் பாரித்துப் போயிருந்தது, அழவே இல்லை. அதைத் தன் சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் மருமகளின் தலையைத் தாங்கிக்கொண்டு பெத்தம்மாள் மழையில் உட்கார்ந்திருந்தாள். சங்கரம்மாளை ஆஸ்பத்திரியில் பிழைக்கவைத்துவிட்டார்கள். கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிற்று.

பஸ்ஸில் வந்து இறங்கிய பெருமாயியின் கண்ணில் முதலில் பட்டது தங்கசாமியின் வண்டி. ஒரு நிமிசம் போதும் அவளுக்கு. சொந்த அப்பன் வண்டி இருக்க வேற வண்டி எதற்கு வந்தது? இழவு வண்டி என்று யார் தடுத்திருப்பார்கள்? பேத்தி போன சேதியைக் கேட்டதும், ஆஸ்பத்திரி வராந்தாவில், அத்தனை பேர் பார்க்க, பெத்தம்மாளின் முகத்துக்கு நேராகக் கையை நீட்டினாள். உன் சாங்கியத்துக்கு என் பேத்தியைக் கொன்னுட்டியே என்று மண்ணை வாரித் தூற்றாத குறையாகப் பேசினாள். பெத்தம்மாள் வன்னியபெருமாளை ஒருதரம் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். அவள் வாயைத் திறக்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு, குழாயடியில் சேலையை அலசிக்கொண்டிருந்தவளிடம் போய்க் கைகூப்பி நின்றார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றார். அவள் சேலையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்:

"சும்மா இருங்கண்ணாச்சி. மாமியாளப் பிடிக்கலைன்னா பொம்பள தாய்வீட்டுக்குப் போவா. பெத்த அப்பனே வெறுத்துப்போச்சுன்னா அவ எங்கன போவா? எம்மேலயே இருக்கட்டும்."

அவள் சொன்னது பெருந்தன்மை. அதை அவர் வாங்கிக்கொண்டதற்கு வேறு பேர். அன்றைக்குப் பெரிய பாரம் இறங்கினாற்போல் இருந்தது அவருக்கு. அந்த ஆறுதலை நினைத்து அப்புறம் ஏழு வருசம் வெட்கப்பட்டார், ஆனால் வாயைத் திறக்கவில்லை.

பெருமாயி சம்பந்தி வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று சத்தியம் பண்ணி, காப்பாற்றியும் வந்தாள். சந்தையில் எதிரே வந்தால் பெத்தம்மாள்தான் ஒதுங்கிப் போனாள். பேத்தியைத் தின்னவள் என்று பேர் ஊர் ஊராகப் போய்விட்டது. பருத்தி எடுக்க வருகிற பெண்கள்கூட அவள் காதுபடப் பேசினார்கள். சங்கரம்மாள் மாமியாரை விட்டு வரவில்லை. ஒரு காட்டில்தான் இரண்டு பேரும் களை எடுத்தார்கள், ஒரு சட்டியில்தான் குடித்தார்கள். அது என்ன மாயம் என்று பெருமாயிக்குப் புரியவே இல்லை.

வன்னியபெருமாள் கார்க் கதை பேசுவதை நிறுத்திவிட்டார். வண்டு வண்டி இரண்டு கோடியைத் தொட்டுவிட்டது என்று தங்கசாமி பேப்பரோடு வந்தார். எண்பத்து மூணு கடைசியில் டெல்லியில் மாருதி என்று சின்னக் கார் வந்திருப்பதாகவும், இனிமேல் அதுதான் அம்பாசிடரை அடிக்கும் என்றும் சொல்லிச் சீண்டிப் பார்த்தார். "விக்கட்டும்" என்றார் வன்னியபெருமாள். டிக்கியில் ஒட்டியிருந்த துண்டு எப்போதோ கிழிந்து போயிருந்தது.

எண்பத்தாறில் பெத்தம்மாள் மஞ்சள்காமாலை முற்றி அதே பாளையங்கோட்டையில் இறந்துபோனாள். காரியங்களைக் கவனிக்க சோலைச்சாமி முன்னால் பஸ் ஏறிவிட்டான். பாடியைக் கொண்டுவர வன்னியபெருமாள் போனார். பின்சீட்டின் ஓரத்தில் சாய்த்து உட்காரவைத்து, மாமியாரின் தலையைத் தன் தோளில் வாங்கிக்கொண்டு சங்கரம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகு அவள் அந்த சீட்டில் உட்காருகிறாள்.

கங்கைகொண்டான் தாண்டியது. கண்ணாடியில் இரண்டு முகமும் சேர்ந்து தெரிந்தன. வன்னியபெருமாள் வண்டியை ஓரம் கட்டினார். திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே பேசினார்.

"அன்னைக்கு ஒங்க அத்தை ஒண்ணும் சொல்லலம்மா. வேண்டாம்னது நாந்தான்."

"தெரியும்ப்பா. வண்டிக்குள்ள முழிச்சுத்தான கிடந்தேன்."

 பிறகு ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று எப்படியோ கேட்டுவிட்டார்.

"அப்பாட்ட கேட்டுராதட்டின்னு அத்தை சத்தியம் வாங்கிட்டாவ." மாமியாரின் தலையிலிருந்து நழுவிய துண்டைச் சரிசெய்தாள். "அவிய இருக்கையிலயே நீங்க ஒருவாட்டி சொல்லியிருக்கலாம்."

அவர் ஸ்டியரிங் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். சங்கரம்மாள் அழுது முடியட்டும் என்று காத்திருந்தாள். தேற்றவில்லை.

ஊருக்குள் வண்டி நுழைந்தபோது கூட்டம் கூடியிருந்தது. ஊர் குறை சொல்லுமே என்று பெருமாயியும் வந்திருந்தாள். வாசலை மிதிக்காமல், தெருவின் அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தனியாக நின்றாள். வன்னியபெருமாள் இறங்கி நேராக அவளிடம் போனார். பாடியை இறக்க வந்தவர்கள் நின்றுவிட்டார்கள்.

"அன்னைக்கு இந்தத் தாயி கதவத் திறங்கன்னுதான் சொல்லுச்சு. நாந்தான் ஏத்தல."

பெருமாயிக்கு முதலில் விளங்கவில்லை. அவர் இன்னொரு தடவை சொன்னார், தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, விலகி, தெருவைக் கடந்து வந்தாள். கார் கதவைத் திறந்து பெத்தம்மாளின் காலடியில் உட்கார்ந்து, அந்த இரண்டு பாதங்களையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். மதினி, வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று ஆரம்பித்தாள். பேத்தியின் முகம் எப்படி இருந்தது என்று கேட்டாள். ஏழு வருசத்துச் சங்கதி ஒவ்வொன்றாக, குழிமேட்டுக்குத் தூக்குகிற வரை, அவள் பெத்தம்மாளோடு பேசிக்கொண்டே இருந்தாள்.