மோதாத விடை

சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளிக்கு இயற்பியல் ஆசிரியை வேண்டுமாம். மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டச் சொன்னார்கள். ஏற்கெனவே இரண்டு பள்ளிகளில் எடுத்துக் கோட்டை விட்டிருந்தேன். இதிலும் விட்டால் கடலூரில் என் நாத்தனாரின் பியூட்டி பார்லரில் எடுபிடியாக நிற்க வேண்டியதுதான். அவள் எனக்கு ரோஸ் கலரில் ஏப்ரன்கூட வாங்கி வைத்துவிட்டாள். அதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

அன்று காலை பஸ் ஸ்டாண்டில் விடுகிறேன் என்று ஸ்கூட்டரை எடுத்த என் வீட்டுக்காரர், திருப்பத்தில் தேவனாம்பட்டினத்து மீன்காரர் ஒருவரின் மொபெட்டில் போய் முட்டினார். கூடை சாய்ந்து, மத்தி மீன் தண்ணீர் என் தோளில் கொட்டியது.

"ஒண்ணும் ஆவலண்ணே, நீங்க போங்க," என்றார் இவர்.

"எனக்கும் ஒண்ணும் ஆவல தம்பி," என்றார் அவர்.

இருவரும் பெருந்தன்மையாகக் கிளம்பிவிட்டார்கள். நாறிக்கொண்டு பஸ் ஏறியது நான். சிதம்பரம் வரை என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

வகுப்பில் மீட்சி மோதல் கணக்கு, அதாவது முட்டியவை ஒட்டிக்கொள்ளாமல், ஆற்றலும் வீணாகாமல் விலகிவிடும் மோதல். அசையாமல் நிற்கும் ஒரு குண்டை, அதே நிறையுள்ள இன்னொரு குண்டு நொடிக்கு ஆறு மீட்டர் வேகத்தில் நேராக முட்டுகிறது. பிறகு எது என்ன வேகத்தில் போகும்? மொத்த உந்தம் மாறாது, மொத்த இயக்க ஆற்றலும் மாறாது. இரண்டுக்கும் சமன்பாடு எழுதித் தீர்த்தேன். முட்டிய குண்டின் வேகம் ஆறு அல்லது பூஜ்ஜியம் என்று இரண்டு விடை வந்தது. அவசரத்தில் ஆறைச் சுற்றிக் கட்டம் போட்டேன்.

கடைசி பெஞ்சில் இருந்த தலைமையாசிரியை கேட்டார்: "முட்டுனது அதே ஆறுல போவுது, நின்னது நின்னபடியே நிக்குது. அப்ப எப்பதான் முட்டிச்சு?"

கண் முன்னால் ரோஸ் கலர் ஏப்ரன் ஆடியது. "அது முட்டுறதுக்கு முன்னாடி இருந்த நிலைமை மேடம். அதுக்கும் ரெண்டு சமன்பாடும் ஒத்துப்போவும். ஒண்ணும் நடக்கலன்னு சொல்ற விடை, அதைத் தள்ளிடணும்." கட்டத்தை அழித்துப் பூஜ்ஜியத்துக்குப் போட்டேன். "முட்டுனது நின்னுடும், நின்னது ஆறுல ஓடும்."

அவர் அருகே வந்து மூக்கைச் சுளித்தார். "வர்ற வழியில ஏதாவது ஆச்சா?"

"ஒண்ணும் நடக்கல மேடம்."

என் தோளிலிருந்து ஒரு மீன் செதிலை எடுத்துக் காட்டினார். "இந்த விடையையும் தள்ளிடலாமா?"

வகுப்பே சிரித்தது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "பஸ் ஸ்டாண்டுக்கு ஸ்கூட்டர்ல போறப்ப மீன் வண்டியில முட்டினோம் மேடம்! ஆனா அது மீட்சி மோதல் இல்ல, ஒட்டிக்கிச்சு!"

"திங்கட்கிழமை வந்து சேந்துடுங்க," என்றார். "பஸ் ஸ்டாண்டுக்கு மட்டும் நடந்தே போங்க."