கதையின் பின்பக்கத்தில் மரணக் கிணறு

காலை எட்டு மணி, தியாகராய நகர். 1974, தை மாதம். உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்காகச் சேலத்திலிருந்து முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் ரயிலில் வந்திருந்தோம், நானும் அம்மாவும். கல்யாணம் முடிந்துவிட்டது. மாலை வண்டிக்கு முன்னால் கடற்கரை பார்க்கலாம் என்றேன்.

"பழைய பத்திரிகை விக்கிற கடை எங்க இருக்குது?" என்று கேட்டாள் அம்மா.

காரணத்தைப் பஸ்ஸில் சொன்னாள். பதினெட்டு வயதில் அவள் ஒரு கார்னிவலில் மரணக் கிணற்றில் வண்டி ஓட்டியிருக்கிறாள். பலகைச் சுவரில் மோட்டார் சைக்கிள் சுற்றிச் சுற்றி ஏறும். ஜனங்கள் மேலே நின்று குனிந்து பார்ப்பார்கள். தாத்தா அங்கே மெக்கானிக். சென்னையில் ஆட்டம் நடந்தபோது ஒரு வாரப் பத்திரிகையில் அவள் படத்தோடு விளம்பரம் வந்ததாம். அது கைக்கு வருமுன்பே கார்னிவல் கூட்டம் பெங்களூருக்குக் கிளம்பிவிட்டது. மறு வருடம் கல்யாணம்.

"உங்கப்பாவுக்கு இந்தப் பேச்சே பிடிக்காது."

அப்பா இறந்து எட்டு மாதம் ஆகிறது. நான் நம்பினேன் என்று சொல்ல முடியாது. அம்மா சைக்கிள் ஓட்டிக்கூட நான் பார்த்ததில்லை.

ஒன்பதரை, சிந்தாதிரிப்பேட்டை. கூவத்தை ஒட்டிய சந்தில் ஒரு பழைய பேப்பர் கடை. பத்திரிகையின் பெயரையும் அப்போது அதில் வந்துகொண்டிருந்த தொடர்கதையையும் அம்மா சொன்னாள். கடைக்காரர் பாய் சிரித்தார்.

"கதையத்தான் கிழிச்சு தச்சு வச்சிக்கினு கீறாங்கம்மா. விளம்பரத்த எவன் வச்சிக்கினு கீறான்? அத்தெல்லாம் அப்பவே பொட்டலம் கட்டிட்டானுங்க."

அம்மா திரும்பினாள். பாய் கூப்பிட்டார். "இரு இரு. கதைக்குப் பின்பக்கம் அச்சாயிருந்தா தப்பிச்சிருக்கும். மைலாப்பூர்ல ஒரு மாமி வூட்ல அந்தக் கதை முழுசா கீது. போய்ப் பாரு." விலாசமும் எழுதித் தந்தார்.

பதினொரு மணி, மயிலாப்பூர். லஸ்ஸில் இறங்கி, குளத்துப் பக்கம் பத்து நிமிட நடை. மாமிக்கு அறுபது இருக்கும்.

"புஸ்தகத்தை வெளில குடுக்கறதில்லை. ஆத்துக்காரர் தெச்சு வெச்சது. இங்கேயே உக்காந்து பாருங்கோ" என்றாள்.

அம்மா கதையைப் படிக்காமல் பின்பக்கங்களை மட்டும் பார்த்துக்கொண்டு போனாள். கூந்தல் தைலம். கிராமபோன். குழந்தைகளுக்கான மருந்து. இருபத்திரண்டாம் அத்தியாயத்தின் முதுகில் அவள் விரல் நின்றது.

சாய்ந்த மோட்டார் சைக்கிள். இரண்டு கைகளையும் விரித்திருக்கும் பெண், பின்னல் பறக்கிறது. 'தினம் மூன்று காட்சிகள். அனுமதி நாலணா.' முகத்தில் பாதி தையலுக்குள் போயிருந்தது. மீதிப் பாதியில் ஒரு கண், ஒரு தோடு, மேலுதட்டு மச்சம். அம்மாதான்.

மாமி கண்ணாடியை எடுத்துவந்து மாட்டிக்கொண்டாள். "கையை விட்டுட்டா ஓட்டினேள்? பயமா இருக்காதோ?"

"ஏறுறப்ப பயமே கெடையாதுங்க. எறங்குனா கால் நடுங்கும்."

"கீழே விழுந்திருக்கேளா?"

"ரெண்டு தடவை" என்று சொல்லி அம்மா முழங்கை வரை புடவையை விலக்கிக் காட்டினாள். அந்தத் தழும்பு அடுப்பில் பட்டது என்றுதான் சின்ன வயதில் எனக்குச் சொல்லியிருந்தாள்.

மாமி எழுந்துபோய்க் கத்தரிக்கோல் கொண்டுவந்தாள்.

"வேண்டாங்க. உங்க வீட்டுக்காரர் தச்சது" என்று அம்மா தடுத்தாள்.

"அவர் கதையைப் பார்த்துத்தான் தெச்சார். பின்னாடி நீங்க இருக்கேள்னு அவருக்கு என்ன தெரியும்?"

நான்கு தையல்கள் அறுந்ததும் தாள் விரிந்தது. மறைந்திருந்த கண்ணும் தெரிந்தது. இறுக மூடியிருந்தது அது.

அம்மா வெகுநேரம் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். "பயந்துதான் இருந்திருக்கறேன்!"

மாமிக்கும் சிரிப்பு அடங்கவில்லை. தாளை எடுத்துப்போகச் சொன்னாள். அம்மா மறுத்துவிட்டாள், கதை அறுந்துபோகுமாம். மாமி ஊசியில் நூல் கோத்து, இந்த முறை ஓரத்திலேயே தைத்தாள்.

மாலை, சென்ட்ரல். வண்டி கிளம்பியதும் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தாள். அந்த மாமி ஒரு மணி நேரத்தில் கேட்ட கேள்விகளில் ஒன்றைக்கூட நான் இருபத்தேழு வருடத்தில் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் அம்மாவிடம் கேட்பதெல்லாம் சாப்பாடு ஆயிற்றா, சாவி எங்கே என்பதுதான்.

அரக்கோணம் தாண்டியபோது, "நீ ஓட்டுன வண்டி என்ன கலரும்மா?" என்றேன்.

"சிவப்பு" என்றாள் உடனே. பிறகு பொட்டலத்தை என் மடியில் வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் காட்டிக் காட்டிச் சொல்ல ஆரம்பித்தாள்.