படிப்பை விட்டுப் போன இருபத்து மூன்று பேர்

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு மரக்கடையின் மாடியில் நடந்த சமுதாயக் கல்லூரியில் அன்புக்கரசி ஆங்கில ஆசிரியை. வயது இருபத்தேழு. வருடாவருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்து நாலாவது ஆண்டை ஓட்டிக்கொண்டிருந்தாள். அவள் ஓரிடத்தில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை; விடைத்தாளைக்கூட வராந்தாவில் நடந்தபடியே திருத்துவாள்.

2003 ஜனவரியில் கல்லூரி இயக்குநர் கஸ்பார் அவளிடம் ஒரு கட்டுப் படிவங்களைக் கொடுத்தார். போன ஆண்டு பாதியில் நின்ற இருபத்து மூன்று பேரையும் நேரில் பார்த்து, ஏன் நின்றார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். கல்லூரிக்கு உதவும் அமைப்பு ஆய்வு செய்கிறதாம்.

"கேக்கவே வேணாம் சார். கல்யாணம், மில்லு வேலை, பஸ் இல்ல. வேற என்ன இருக்கப் போகுது?" என்றாள்.

"அதையே போய்க் கேட்டுட்டு வந்து எழுதுங்க" என்றார் கஸ்பார்.

சனி ஞாயிறுகளில் ஆத்தூர், செம்பட்டி, ரெட்டியார்சத்திரம் என்று பஸ் மாறி மாறி அலைந்தாள். பதினான்காவது கேள்விதான் முக்கியம்: நின்றதற்குக் காரணம் என்ன? கீழே ஐந்து கட்டங்கள். குடும்பம், பணம், போக்குவரத்து, உடல்நலம், பிற. பெரும்பாலானவர்கள் குடும்பம் என்றார்கள். அவளும் டிக் அடித்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள்.

பத்தொன்பதாவது ஆள் கண்ணம்மாள். முப்பத்து நாலு வயது, இரண்டு பிள்ளைகள். எட்டாவது வரை படித்தவள், நர்சிங் உதவியாளர் படிப்பில் சேர்ந்து மூன்றாம் மாதம் நின்றுவிட்டாள். ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு மல்லிகைத் தோட்டத்தில் காலையிலேயே அவளைக் கண்டுபிடித்தாள் அன்புக்கரசி. கண்ணம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். பூப்பறிக்கிற கை நிற்கவில்லை.

"குடும்பம்னு போட்டுக்கங்க டீச்சர்."

போட்டாயிற்று. ஆனால் பஸ் ஸ்டாப்பில் நின்றபோது மனசு ஒப்பவில்லை. கண்ணம்மாளின் புருஷன் நல்லுசாமிதான் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு வந்து, கல்லூரி வாசலில் நின்று அவளை உள்ளே அனுப்பியவர். மதியம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டதும் அவர்தான். அந்தக் குடும்பத்தில் எது தடுத்திருக்கும்? பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. வந்த வழியே திரும்பி நடந்தாள்.

பூவை எடைபோட்டுக் கொடுத்துவிட்டுக் கண்ணம்மாள் கிணற்றடியில் கைகால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, செத்த நேரம் பேசணும். வீட்டுல யாராவது வேணாம்னு சொன்னாங்களா?"

"அவரு ஒண்ணும் சொல்லல. இன்னமும் போ போன்னுதான் சொல்றாரு."

"அப்புறம் ஏன்?"

கண்ணம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "சொன்னா நீங்க வருத்தப்படுவீங்க. மருந்துப் பாட்டில் மேல இருக்கிற எழுத்தை எந்திரிச்சு வாசிக்கச் சொன்னீங்கள்ல. எனக்கு நாக்கு புரளல. பிள்ளைக சிரிச்சுச்சுக. அது பரவாயில்ல, சின்னதுக. நீங்க சிரிக்கல. எட்டாவது எப்படித்தான் பாஸ் பண்ணுனீங்கன்னு கேட்டீங்க. அம்புட்டுதான். மறுநாள் பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தேன். கால் ஏறல."

அன்புக்கரசிக்கு அப்படிக் கேட்டதே நினைவில் இல்லை. எந்த நாள், என்ன பாடம், ஒன்றும் வரவில்லை. ஆனால் வாக்கியம் அவளுடையதுதான். வேறு எத்தனை பேரிடம் அதைச் சொல்லியிருப்பாள்?

"நான் சொன்னது தப்புக்கா" என்றாள். கண்ணம்மாள் பித்தளைக் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு ஊர் திரும்பியதும் படிவக் கட்டைப் பிரித்தாள். கண்ணம்மாளுடையது போக, குடும்பம் என்று டிக் அடித்த மற்றப் பதினொரு படிவங்களையும் தனியே எடுத்து வைத்தாள். அடுத்த இரண்டு வாரம், பாக்கி நாலு பேரைப் பார்த்ததோடு, அந்தப் பதினொரு வீட்டுக்கும் மறுபடி போனாள். இந்த முறை படிவத்தைப் பையை விட்டு எடுக்கவில்லை. ஆறு பேர் வேறு கதை சொன்னார்கள். போர்டில் எழுதுவதைப் பார்த்து எழுதி முடிப்பதற்குள் அழித்துவிடுகிறார்கள் என்றாள் ஒருத்தி. இரண்டு பேர் அவள் வகுப்பையே சொன்னார்கள்.

எல்லாவற்றையும் 'பிற' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் நுணுக்கி எழுதிக் கஸ்பார் மேசையில் வைத்தாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசித்தார்.

"இதுல ஒரு ஆசிரியர் பேரு இருக்கே."

"என் பேருதான் சார்."

"ஒப்பந்தம் ஏப்ரல்ல முடியுது, தெரியும்ல?"

"தெரியும் சார். அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணும். வகுப்புக்கு முன்னாடி ஒன்பதுல இருந்து பத்து வரைக்கும் எழுத்துக் கூட்டிப் படிக்க ஒரு மணி நேரம் வேணும். நான் எடுக்கிறேன்."

அவர் சரி என்றார். பிறகு, பேரை மட்டும் அடித்துவிட்டு மற்றதை அப்படியே அனுப்பினார். ஒப்பந்தமும் நீடித்தது. அதற்காக அவள் நிம்மதிப்பட்டதாகத் தெரியவில்லை. வெளிவந்த அறிக்கையில் அந்த இரண்டு வாரமும் 'கற்பித்தல் அணுகுமுறை' என்று ஒரே வரியில் முடிந்திருந்தது.

ஜூனில் காலை வகுப்பு தொடங்கியது. முதல் நாள் நாலு பேர். இரண்டாம் வாரம் ஒன்பது பேர். ஜூலை நடுவில் கண்ணம்மாள் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"நல்லுசாமி அனுப்புனாரா?" என்று கேட்டாள் அன்புக்கரசி.

"நானாத்தான் வந்தேன். ஆனா எந்திரிச்சு வாசிக்கச் சொல்லக் கூடாது."

"சொல்லமாட்டேன்."

சொல்லவும் இல்லை. கண்ணம்மாள் படிப்பை முடித்து, பழனியில் ஒரு ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனாள். இருவருக்கும் நடுவில் ஒட்டுதல் ஒன்றும் வளர்ந்துவிடவில்லை. விடைபெறும்போது, "வாரேன் டீச்சர்" என்றாள், மற்றவர்களிடம் சொன்ன மாதிரியே.

அன்புக்கரசியின் நடை நிற்கவில்லை. வகுப்பில் ஒரு இடம் மூன்று நாள் காலியாகக் கிடந்தால் போதும், நாலாம் நாள் சாயங்காலம் பேருந்து நிலையத்தில் அந்த ஆளின் ஊருக்கு எந்த பஸ் முதலில் கிளம்பும் என்று நடத்துனர்களை விசாரித்துக்கொண்டிருப்பாள்.