எந்த இரையைக் கட்டுவது?

நாளை எனக்கு டொரொன்டோவுக்கு விமானம். அதற்குள், நான் விருந்தாளியாக வந்திருக்கும் நோர்பரிக்குப் பக்கத்திலுள்ள இந்தத் தெரியாத குளத்தில் ஒரு மீனாவது பிடித்துவிட வேண்டும். அங்கே கோடையில் பாஸ் மீன் பிடித்துப் பழகியவள் நான். இங்கே பாஸ் இல்லையாம், பேர்ச் மீன்தானாம். பெட்டியைத் திறந்து செயற்கை இரைகளைப் புல்லில் வரிசையாக வைக்கிறேன்: வெள்ளித் தகடு, பச்சைத் தவளை, பழுப்பு ரப்பர் புழு.

பக்கத்தில் மடக்குக் கதிரையில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணை, நான் கேட்காமலே சொல்கிறார்.

“தங்கச்சி, உந்தப் பச்சைத் தவளையைப் போடும். இஞ்ச மீன் அதுக்குத்தான் பாயும்.”

“நீங்கள் எதைப் போட்டனீங்கள், அண்ணை?”

“நானோ? நான் சும்மா காத்து வாங்க வந்தனான்.”

காற்று வாங்க வந்தவரின் காலடியில் மீனை அள்ளும் கைவலை ஈரமாகக் கிடக்கிறது. திறந்திருக்கும் அவருடைய பெட்டியை எட்டிப் பார்க்கிறேன். தவளைகளில் தூசி படிந்திருக்கிறது. ஒரு சின்னப் பழுப்புப் புழு மட்டும் நனைந்திருக்கிறது.

நான் பழுப்புப் புழுவை எடுத்துக் கட்டுகிறேன்.

“சொல்லிக் கேக்க மாட்டீர் போல,” என்று சிரிக்கிறார். பிறகு அவசரமாக எழுந்து, கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய், நாணலுக்கு நடுவே இருக்கும் ஒரேயொரு இடைவெளியை மறித்துப் போட்டு உட்காருகிறார்.

அதுவரை எனக்கு இரைதான் தெரிந்திருந்தது. இடத்தையும் அவரே காட்டிவிட்டார். நான் எதிர்க்கரைக்கு நடக்கிறேன். அங்கிருந்து எறிந்தால் அந்த இடைவெளிவரை எட்டும்.