கரண்டு இல்லாத கிட்டார்

ஹட்டனில் பழைய சாமான் கடை ஒன்றில் நேற்று ஒரு சிவப்பு எலெக்ட்ரிக் கிட்டாரைப் பார்த்தேன். அதன் கம்பியின் துரு வாடை மூக்கில் ஏறியதும் சித்தப்பாவின் முட்டாள்தனம்தான் ஞாபகம் வந்தது.

எனக்கு அப்போது பத்து வயது. தேயிலைத் தோட்டத்தை விட்டுப் போன உதவி மேலாளர் சின்னத்துரையின் பங்களாவில் இதே மாதிரி ஒன்றைப் பார்த்து மயங்கி, கறவை மாட்டை விற்று அதை வாங்கிவந்தார் அந்த மகான். கொழுந்துச் சாக்கில் சுற்றி, பிள்ளையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலோ கரண்டே கிடையாது.

“கரண்டு இல்லாம இது பாடுமாங்க?” என்று சித்தி கேட்டார்.

“தேர்தல் முடிஞ்சதும் லயத்துக்குக் கரண்டு குடுக்குறாங்களாம். சங்கத் தலைவர் சொன்னாரு,” என்றார் சித்தப்பா.

தலைவர் பேச்சை நம்பி மாட்டை விற்கிற ஆளை வேறு எங்கே பார்க்க முடியும்? நாங்கள் பாலில்லாமல் சாயத்தண்ணி குடித்தோம். அவர் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் வாசலில் உட்கார்ந்து தினமும் வாசிப்பார். கொசு முனகுவதுபோல ஒரு சத்தம் வரும். அவர் காதுபட நான் சிரிப்பேன்.

கரண்டு வந்தது, அவரைப் புதைத்த பிறகு. கிட்டார் அதற்கு முன்பே விறகாகி அடுப்பில் எரிந்திருந்தது.

நேற்று கடைக்காரர் அந்தச் சிவப்புக் கிட்டாரை ஸ்பீக்கரில் மாட்டித் தட்டினார். கடையே அதிர்ந்தது. எனக்கு அது வேறு ஏதோ வாத்தியமாகப் பட்டது.

“வயரக் கழட்டுங்க,” என்றேன்.

கம்பியை மீட்டி, கட்டையில் காதை வைத்தேன். அதே கொசு.

“ஸ்பீக்கர் வேணாம். ஒரு சாக்குல சுத்திக் குடுங்க.”

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் சித்தப்பாவைப் பார்த்த அதே பார்வை.