தலெந்தாவின் பெரிய எழுத்துகள்

மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்தவள் தலெந்தா. பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததில்லை. மீன் பெட்டிகளில் அச்சடித்திருப்பதையும், படகுகளின் பின்புறம் தீட்டியிருக்கும் பெயர்களையும் பார்த்துப் பார்த்தே பிரெஞ்சு எழுத்துகளைப் படித்துக்கொண்டாள். அரபு எழுத்து மட்டும் அவளுக்கு வசப்படவில்லை. அந்தப் பேச்சை எடுத்தால் முகம் கறுத்துவிடும், அதனால் நான் எடுப்பதில்லை.

அவளுக்கு ஒரே மகன், நௌஃபல். நாலு வருடத்துக்கு முன் கடல் தாண்டி இத்தாலியில் இருக்கும் மஸாராவுக்குப் போய், அங்கே ஒருவனின் மீன்பிடி விசைப்படகில் சேர்ந்துவிட்டான். எங்கள் துறைமுக ஊரான மஹ்தியாவில் பாதி வீடுகளில் இதே கதைதான். வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மாவைக் கூப்பிடுவான். மற்ற நாட்களில் அவள் சொல்லச் சொல்ல நான் ஃபோனில் தட்டி அனுப்புவேன். துறைமுக வாசலில் ரீசார்ஜ் கடை வைத்திருப்பவன் தலையில் இப்படிப்பட்ட வேலைகளும் வந்து விழும், ஒருத்தரும் நன்றி சொல்லமாட்டார்கள்.

போன குளிர்காலத்தில் ஒருநாள் வந்து ஃபோனை மேசைமேல் வைத்தாள்.

"ஷத்லி, இனிமே நானே எழுதுறேன். என் புள்ளைகிட்ட சொல்றதெல்லாம் உன் காதுல விழ வேணாம்."

"எனக்கென்னக்கா, நிம்மதி. ஆனா எழுதுவானேன்? பட்டனை அழுத்திட்டுப் பேசு, குரல் அப்படியே போயிடும்."

"பேசினா தொண்டை அடைச்சுக்குதுடா. அவன் அங்க நடுக்கடல்ல நின்னு அதைக் கேக்கணுமா? எழுத்து அழாது."

பிறகு திரையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். "என்னடா இது, நண்டுக்குஞ்சாட்டம் நெளியுது? பெட்டியில இருக்குற எழுத்தைப் போட்டுக் குடு."

கேபிடல் என்கிற பெரிய எழுத்தே வருகிற மாதிரிப் பூட்டிக் கொடுத்தேன். அந்தப் புத்திசாலி நான்தான்.

அன்றிலிருந்து ஒரு வரிக்கு அரைமணி நேரம் எழுத்து தேடி அனுப்பினாள். சாப்பிட்டாயா. எப்போது வருகிறாய். இன்றைக்கு மீன் குஸ்குஸ் செய்தேன், நீ இல்லை. எல்லாம் பெரிய எழுத்தில். எங்கள் அரபு எழுத்தில் பெரியது சின்னது கிடையாது. ஆனால் ஃபோனில் பிரெஞ்சு எழுத்தை வைத்து எங்கள் பேச்சை எழுதும் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தெரியும், முழுக்கப் பெரிய எழுத்தில் வந்தால் அது கத்தல் என்று. எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் மண்டையில் உறைக்கவில்லை.

நௌஃபலின் பதில்கள் "சரி", "பார்க்கலாம்" என்று சுருங்கின. வசந்தம் வந்தபோது வெள்ளிக்கிழமை அழைப்பும் நின்றது. "கடல்ல இருக்கான், சிக்னல் இருக்காது" என்று தலெந்தாவே கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் என் கடைக்கு வந்து, ஃபோன் நன்றாக இருக்கிறதா பார் என்று நீட்டுவாள். நன்றாகத்தான் இருந்தது.

ஜூலையில் மஸாராவிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவன் சிம் கார்டு வாங்கும்போது சொன்னான்: "நௌஃபல் பாவம்ணே. இங்கிருந்து போனதுக்கு அவங்கம்மா இன்னும் மன்னிக்கல போல. தினம் ஒரு கத்தல். ஃபோனைத் தொடவே பயப்படுறான்."

கடையைச் சாத்திவிட்டு நேரே அவள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். ஃபோனை எடுத்து, தான் அனுப்பிய வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"நானா கத்தினேன்?"

"தப்பு என்னுதுக்கா. நானே அவனைக் கூப்பிட்டு விவரம் சொல்லிடுறேன்."

"வேணாம். நான் கத்தலைன்னு என் புள்ளைக்கு ஊரான் வந்து சாட்சி சொல்லணுமா? அந்த நண்டுக்குஞ்சைக் காட்டு."

அட்டையில் பெரிய எழுத்துக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தாக எழுதிக் கொடுத்தேன். மூன்று மத்தியானம் கடையிலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய வழியப் பழகினாள். நாலாம் நாள் ஒரு செய்தி போனது, ஒரு பெரிய எழுத்துக்கூட இல்லாமல்: மகனே, இங்கே எல்லாம் அமைதியாக இருக்கிறது. நீ நன்றாக இரு.

ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை, ஃபோன் அடித்தது. அவசரத்தில் அவள் ஒலிபெருக்கியை அழுத்திவிட்டாள். கடை முழுக்க நௌஃபலின் குரல்.

"யாரு எழுதினது? ஷத்லி அண்ணனா? எங்கம்மாவுக்கு என்ன ஆச்சு? உண்மையைச் சொல்லுங்க."

"நான்தான்டா," என்றாள். "ஒண்ணும் ஆகல."

"ஒண்ணும் ஆகலையா? அப்புறம் எதுக்கும்மா இப்படிச் சின்ன எழுத்துல எழுதின? வலையை அப்படியே போட்டுட்டுக் கூப்பிடுறேன். அறிவில்ல உனக்கு? கத்துறதா இருந்தா கத்து, யாரு வேணாம்னா? இப்படியா பயமுறுத்துவ?"

அவன் நிறுத்தாமல் திட்டிக்கொண்டே போனான். நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். தலெந்தா கையைக் காட்டி என்னை அடக்கிவிட்டு, ஃபோனைக் கன்னத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

"திட்டு ராசா," என்றாள். "நல்லா திட்டு. கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."